வெரிக்கு ரேஷன்

1983-ல் எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘வெரி’ என்ற சொல்லுக்கு ரேஷன் இருந்தது. சர்க்கரை, மண்ணெண்ணெய், பாமாயில் வரிசையில் அதுவும் ஒன்று. கடைக்காரர் எங்கள் இங்கிலீஷ் சார். காம்போசிஷன் நோட்டைத் திருத்தி முடித்துவிட்டு அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதுவார். பெரும்பாலும் ‘சீன்’. பார்த்தாயிற்று, சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். கொஞ்சம் தேறினால் ‘ஃபேர்’. இன்னும் தேறினால் ‘குட்’. ‘வெரி குட்’ என்று அவர் முழுசாக எழுதி யாரும் பார்த்ததில்லை; எப்போதாவது ‘வி. குட்’ வரும். அதிலும் மூன்று எழுத்து மிச்சம். அந்த ‘வி’யை வாங்கியவன் அன்றைக்கு நோட்டை மூடவே மாட்டான். மூடினால் மை ஒட்டிக்கொள்ளும் என்று காரணம் சொல்வான். மை காய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இப்போது என் பேத்தி எல்.கே.ஜி. போகிறாள். போன வாரம் ஒரு யானைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு வந்தாள். மூன்று கால்களுக்கு நீலம். நாலாவது காலுக்கு நேரமில்லை போலிருக்கிறது. மூலையில் மிஸ் ஒட்டிய பளபளப்பான ஸ்டிக்கர்: ‘அவுட்ஸ்டாண்டிங்’. நாலு காலுக்கும் தீட்டியிருந்தால் அந்த மிஸ் என்ன ஒட்டியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதற்கு மேல் சரக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தமிழ் மீடியம். மூன்றாம் வகுப்பில்தான் ஏ, பி, சி, டி. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போது எங்களுக்கு ஆங்கிலம் பேச வராது, படித்தால் பாதி புரியாது. ஆனால் ஒரு வாக்கியத்திலுள்ள ‘டூ’வை எடுத்துவிட்டு ‘சோ தட்’ போட்டு மாற்றச் சொன்னால் தூக்கத்தில்கூட மாற்றுவோம். ‘தி டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்’ என்று கேள்வித்தாளில் இருக்கும். ‘தி டீ இஸ் சோ ஹாட் தட் ஐ கேனாட் ட்ரிங்க் இட்’ என்று எழுத வேண்டும். கடைசியில் வரும் அந்த ‘இட்’தான் கண்ணிவெடி. விட்டவனுக்கு அரை மார்க் போச்சு. ‘இஸ்’ என்றால் ‘கேனாட்’, ‘வாஸ்’ என்றால் ‘குட் நாட்’. அதில் இன்னொரு அரை. சாருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘டூ டு’. அவருக்கும் அது தெரியும்.

அந்த உதாரண வாக்கியங்களின் உலகமே தனி. அங்கே ஒரு கிழவர் நடக்க முடியாத அளவுக்குத் தளர்ந்திருப்பார். ஒரு பெட்டி தூக்க முடியாத அளவுக்குக் கனக்கும். ஒரு பையன் ரயிலைப் பிடிக்க முடியாத அளவுக்கு மெதுவாக ஓடுவான். யாருக்கும் எதுவும் முடியாது. சார் அதற்குக் காரணம் சொல்வார்: “டூன்னா அளவு தாண்டிருச்சுன்னு அர்த்தம்லே. அளவு தாண்டினா ஒரு காரியம் கெடணும். என்ன காரியம் கெட்டுச்சுன்னு சொல்லத்தான் பின்னால ஒரு டு வருது. கெட்ட காரியத்தைச் சொல்லாம டூ போடக் கூடாது.” இலக்கணப் புத்தகம் இதையே அரைப் பக்கத்துக்குச் சொல்லும். சார் சொன்னது இன்றுவரை மறக்கவில்லை.

உதாரணம்தான் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. பள்ளிக்கூட வாசலில் இருந்த டீக்கடையில், குடிக்க முடியாத அளவுக்குச் சூடான டீ என்று ஒரு பண்டம் கிடையாது. பாய்லரிலிருந்து இறங்கி, டிக்காஷன் ஊற்றி, மாஸ்டர் தலைக்கு மேலே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையுமாக ஒரே ஆற்று ஆற்றிக் கண்ணாடி கிளாஸில் நுரை தள்ள வைப்பார். கிளாஸை விளிம்பில்தான் பிடிக்க முடியும். ஜின்னிங் ஃபேக்டரி ஆட்கள் அதை மூன்றே மடக்கில் இறக்கிவிட்டு, “என்னண்ணே, டீ ஆறிப்போயிருக்கு?” என்பார்கள். வெள்ளைக்காரன் எழுதிய வாக்கியத்தின் உண்மை அங்கே அடிபட்டுப் போகும். இதை ஒருத்தன் வகுப்பில் சொல்லவும் சொன்னான். சார் அசரவில்லை. “அப்ப நம்மூர் டீ வெரி ஹாட். டூ ஹாட் இல்ல. வித்தியாசம் இப்ப புரிஞ்சுதா?” என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் பின்னால் படித்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அதே பையன்தான் இன்னொரு நாள் எழுந்து நின்றான். கரும்பலகையில் ‘ஹி இஸ் டூ ஆனஸ்ட் டு டேக் எ ப்ரைப்’ என்று இருந்தது. லஞ்சம் வாங்க முடியாத அளவுக்கு நேர்மையானவர். பையன் கேட்டான்: “சார், அப்ப அளவோட ஆனஸ்ட்டா இருந்தா வாங்கலாமா சார்?” வகுப்பு சிரித்தது. சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “இலக்கணப்படி வாங்கலாம்லே. உக்காரு” என்றார்.

‘டூ’வும் ‘வெரி’யும் நம் பிள்ளைகளுக்குக் குழம்புவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம்மிடம் ‘ரொம்ப’ இருக்கிறது. அது எல்லா வேலையும் செய்யும். ‘சட்டை ரொம்பப் பெரிசா இருக்கு’ என்றால் ஜவுளிக்கடையில் அது புகார், கட்சிக்கூட்டத்து கட்-அவுட்டைப் பார்த்துச் சொன்னால் வியப்பு. ஒரே வாக்கியம்தான். ஆங்கிலக்காரனுக்கு அது ஒரு இடத்தில் ‘டூ பிக்’, இன்னொரு இடத்தில் ‘வெரி பிக்’. நமக்கு முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குச் சொல் வேண்டியிருக்கிறது. ‘வெரி டாலர்’ என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியதற்கும் ‘ரொம்ப’தான் காரணம். ‘ராமு ரொம்ப உசரம்’, ‘சோமுவை விட ராமு ரொம்ப உசரம்’. தமிழில் ஒப்பிடும் வேலையை ‘விட’ பார்த்துக்கொள்கிறது. உசரம் உசரமாகவே இருக்கிறது, ரொம்பவும் இடம் மாறாமல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டால்’ ‘டாலர்’ ஆன மறுநிமிஷம் ‘வெரி’ வெளியே போய் ‘மச்’ உள்ளே வர வேண்டும். ‘மச் டாலர்’. எங்களுக்கு அது என்னவோ அமெரிக்கக் காசு மாதிரி கேட்டது.

‘ஐஎன்ஜி’யில் முடிந்தால் வெரி, ‘ஈடி’யில் முடிந்தால் மச் என்று இன்னொரு சட்டம். ‘வெரி சர்ப்ரைஸிங்’, ‘மச் சர்ப்ரைஸ்ட்’. சரி என்று மனப்பாடம் செய்தால், ‘டயர்ட்’, ‘ப்ளீஸ்ட்’ இரண்டுக்கும் வெரிதானாம். ஏன் சார்? “அவங்க அப்பிடித்தான் சொல்றாங்க.” இலக்கணத்தில் எங்கெல்லாம் அவர் குரல் தணிந்ததோ அங்கெல்லாம் இந்த ‘அவங்க’ வந்துவிடுவார்கள். ‘இனஃப்’ மட்டும் ஏன் பெயரடைக்குப் பின்னால் போய் நிற்கிறது, ‘இனஃப் மணி’ என்னும்போது மட்டும் ஏன் முன்னால் ஓடி வருகிறது என்ற கேள்விக்கும் அவங்கதான் பதில்.

சட்டங்கள் எல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலிருந்து வந்தவை. சாரிடம் மட்டும் ஒரு பிரதி இருந்தது, எங்களுக்குக் கரும்பலகை. அந்த ரென் ஏதோ மூக்குக்கண்ணாடி போட்ட இலக்கணக் கிழவர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பெர்சிவல் கிறிஸ்டோஃபர் ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் இருந்தவர். 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்றொரு நாவல் எழுதினார். சகாரா பாலைவனம், பிரெஞ்சு வெளிநாட்டுப் படை, திருட்டுப்போன நீலக்கல், தியாகம் செய்யப் போட்டி போடும் சகோதரர்கள். 1939-ல் கேரி கூப்பர் நடித்துப் படமாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும்கூட எடுத்திருக்கிறார்கள். மிகையென்றால் எம்.ஜி.ஆர். படத்துக்கு ஈடு கொடுக்கும் மிகை. எங்களை அளந்து பேசச் சொன்ன மனிதர் தன் நாவலில் எதையும் அளந்த மாதிரித் தெரியவில்லை.

இங்கிலீஷ் பீரியட் முடிந்ததும் தமிழ் பீரியட். தமிழையா வந்து உரிச்சொல் நடத்துவார். கழி, கூர், நனி, தவ, உறு, சால என்று ஆறு சொல். ஆறுக்கும் ஒரே பொருள், மிகுதி. நன்னூல் அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடும். வெரிக்கு இத்தனை கெடுபிடி செய்யும் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இருப்பு ஏராளமாக இருந்தும் வாங்க ஆளில்லாத கடைக்குள் வந்தது போலிருக்கும். ஆறில் இன்றைக்கு மேடையில் ‘சாலச் சிறந்தது’ மட்டும் உயிரோடு இருக்கிறது. ‘நனி’யை வைத்துக்கொண்டு யாரும் சாம்பாரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

ஆனால் இந்தத் தமிழ்க் காதுதான் பின்னால் எனக்கு ஒரு ஆங்கிலச் சட்டத்தைச் சுலபமாக்கிற்று. ‘வெரி கோல்ட்’ சரி, ‘வெரி ஃப்ரீஸிங்’ தவறு, ‘அப்சல்யூட்லி ஃப்ரீஸிங்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். உச்சத்தில் போய் உட்கார்ந்துவிட்ட பெயரடைக்கு வெரி ஒட்டாது. ஐரோப்பியர்களுக்கு இதை விளக்கப் பாடப்புத்தகங்கள் படம் போட்டு அளவுகோல் வரைகின்றன. நமக்கு எதற்குப் படம்? ‘ரொம்பக் கறுப்பு’ என்போம். ‘ரொம்பக் கன்னங்கரேல்’ என்போமா? பச்சைப்பசேல், செக்கச்செவேல், வெள்ளைவெளேர் எல்லாம் மிகுதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருபவை. வெளியிலிருந்து ஒரு ‘ரொம்ப’ கொடுத்தால் வாங்காது. அவ்வளவுதான் விஷயம். எந்தச் சாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு. இங்கிலீஷ் சாரும் தமிழையாவும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இலக்கணம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் பிற்பாடு ஓர் ஆங்கில வார இதழில் உதவி ஆசிரியனாகப் பிழைத்தேன். வேலையின் பெரும்பகுதி பிறர் எழுதிய வெரிகளை வெட்டுவது. அதற்கும் ஒரு வேதம் இருந்தது: ஸ்ட்ரங்க் எழுதி, அவருடைய மாணவர் ஈ. பி. ஒயிட் 1959-ல் புதுப்பித்த ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்’. வெரி, ராதர், ப்ரிட்டி, லிட்டில் இந்த நாலையும் உரைநடையின் ரத்தம் உறிஞ்சும் ஜென்மங்களாகவே அது பார்த்தது. சார் ரேஷனில் கொடுத்தார். இவர்கள் கடையையே மூடச் சொன்னார்கள்.

மூடவில்லை என்பது என் மகளின் அலுவலக மெயில்களைப் பார்த்தால் தெரிகிறது. சென்னையில் ஒரு ஐடி கம்பெனி. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அவள் பின்னால் நின்று காபி கொடுக்கும் சாக்கில் படிப்பேன். ஒருத்தர் ஒரு மீட்டிங்கைச் செவ்வாயிலிருந்து புதனுக்கு மாற்றியதில் ‘சூப்பர் எக்ஸைட்டட்’. இன்னொருத்தர் அந்த மாற்றத்தால் ‘அப்சல்யூட்லி த்ரில்ட்’. மூன்றாமவர் ‘ட்ரூலி, ட்ரூலி கிரேட்ஃபுல்’. யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அதே கம்பெனியில் வருஷாந்திர மதிப்பீடு வந்தது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ் போட்டிருக்காங்கப்பா.”

“நல்லதுதானே? எதிர்பார்த்ததைச் செஞ்சிட்டேன்னுதானே அர்த்தம்?”

“அய்யோ அப்பா, அது அசிங்கம். எக்ஸீட்ஸ் வந்தாத்தான் மனுஷி. ஃபார் எக்ஸீட்ஸ் வந்தாத்தான் ஹைக்.”

எங்கள் காலத்தில் பள்ளியை விட்டுப் போகும்போது டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் ‘சேட்டிஸ்ஃபேக்டரி’ என்றிருந்தால் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ‘குட்’ என்றிருந்தால் அப்பா அதை மாமாவிடம் காட்டினார். அப்பாவின் சொந்த அளவுகோலில் உச்சம் ‘பரவால்ல’. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அதுதான், வீடு கட்டிய அன்றைக்கும் அதுதான். இன்று டாக்ஸியிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் தம்பி திரும்பிப் பார்த்து, “சார், அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார், நாலு போட்டா பிரச்சனை ஆயிரும்” என்கிறார். ஐந்துக்கு நாலு என்பது எங்கள் சார் கையில் ‘வி. குட்’. இன்று அது ஒரு குடும்பத்தின் வயிற்றெரிச்சல். ஐந்தே போட்டேன். ஏ.சி. வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

குறைத்துச் சொல்வதால் மட்டும் பிழைத்துவிடலாம் என்றும் இல்லை. ஆங்கிலேயர்களுக்கு ‘எ பிட்’, ‘ராதர்’, ‘ப்ரிட்டி’, ‘கொய்ட்’ என்று குறைக்கும் கருவிகள் உண்டு. எங்கள் வகுப்பில் ‘ஃபேர்லி’யும் ‘ராதர்’ரும் வெந்நீரை வைத்து நடந்தது: குளிக்கத் தோதான சூடு என்றால் ‘ஃபேர்லி ஹாட்’, முதுகு பொத்துப்போகும் என்றால் ‘ராதர் ஹாட்’. வெப்பம் ஒன்றே, சொல்கிறவன் மனசுதான் வேறு. ‘கொய்ட்’ இன்னும் மோசம். ‘கொய்ட் குட்’ என்று லண்டன்காரர் சொன்னால் சுமார். அமெரிக்கர் சொன்னால் பிரமாதம். ‘கொய்ட் பெர்ஃபெக்ட்’ என்று அதே லண்டன்காரர் சொன்னால் முழுக்க முழுக்கச் சரி. நம்மூரில் ‘படம் சுமார்’ என்றால் டிக்கெட் காசு போச்சு என்று அர்த்தம் என்பது தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

குறைத்துச் சொன்னதால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரைச் சண்டை. பிரிட்டனின் குளோஸ்டர் படைப்பிரிவு ஒன்றைச் சீனப்படை சூழ்ந்துகொண்டது. எண்ணிக்கையில் பல மடங்கு. மேலே இருந்த அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சோல் நிலைமை எப்படி என்று கேட்டார். பிரிட்டிஷ் பிரிகேடியர் தாமஸ் பிராடி சொன்ன பதிலில் ‘எ பிட் ஸ்டிக்கி’ இருந்தது, ‘ப்ரிட்டி ஸ்டிக்கி’யும் இருந்தது என்று சொல்வார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் காதுக்கு அதன் பொருள்: எல்லாம் முடிந்தது, காப்பாற்றுங்கள். அமெரிக்கரின் காதுக்கு: கொஞ்சம் சிக்கல், சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வாங்கச் சொல்லி வேளையோடு உத்தரவு வரவில்லை. குன்றின் மேலிருந்தவர்களில் தப்பி வந்தவர்கள் சில டஜன் பேர்தான்; மிச்சப்பேர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சாதாரண ‘வெரி’ போதுமானதாக இருந்திருக்கும். எங்கள் சாருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் ரேஷனைத் தளர்த்தியிருப்பாரா என்று தெரியவில்லை.

‘சோ’வின் கதை வேறு. ‘சோ போட்டா தட் வந்தாகணும், தட் வராத சோவுக்கு மார்க் வராது’ என்பது அன்றைய சட்டம். இன்று எந்த சோவும் தட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ‘சோ க்யூட்!’ எவ்வளவு க்யூட்? அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, சும்மா க்யூட். டொரண்டோவில் தாலியமாண்டே என்ற மொழியியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து, ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பாத்திரங்கள் பேசும் மிகைச்சொற்களை எண்ணிப் பார்த்து 2005-ல் எழுதினார். வெரியை முந்திக்கொண்டு முதலிடத்தில் நின்றது சோ. பெண் பாத்திரங்களிடம் கூடுதல். என் மகள் கல்லூரிக் காலத்தில் அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள். பத்தாம் வகுப்பில் நான் வருத்திச் சொல்லிக்கொடுத்த தட் எல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது அவள் தோழிகளுக்கு அனுப்பும் செய்தியில் சோவுக்கு ஏழெட்டு ஓ. மகிழ்ச்சியின் அளவுக்கு ஓவின் எண்ணிக்கை. இதில் நமக்குப் புதுசு ஒன்றுமில்லை. ‘பெரீய வீடு’ என்று ஈகாரத்தை இழுத்தே வீட்டுக்கு ரெண்டு மாடி கட்டுகிறவர்கள் நாம். தமிழையா இருந்தால் அளபெடை என்று சொல்லி மகளை மன்னித்திருப்பார்.

இன்றைய கம்ப்யூட்டரும் வெரியை விடுவதில்லை. நான் எதையாவது ஆங்கிலத்தில் எழுதினால், வெரியின் அடியில் ஒரு கோடு போட்டு, இது பலவீனமான சொல், ‘எக்ஸ்ட்ரீம்லி’ போடலாமே என்று யோசனை சொல்கிறது. அன்று விலை உயர்ந்த சொல் என்று தடுத்தார்கள். இன்று விலை போகாத சொல் என்று தடுக்கிறார்கள். வெரியைத் தன்பாட்டில் இருக்க விட்டவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தனைக்கும் வெரியே ஒரு குடியேறி. பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘ஸ்வீதெ’ என்ற சொல் பார்த்தது. பிறகு ‘வெல்’, ‘ஃபுல்’, ‘ரைட்’ எல்லாம் மாறி மாறிப் பார்த்தன. பிரெஞ்சிலிருந்து ‘உண்மையான’ என்ற பொருளோடு வந்த வெரி, மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உண்மையை மறந்தது. அடுத்து ‘ரியலி’; அதுவும் உண்மை என்றுதான் வந்தது. இப்போது ‘லிட்டரலி’, எழுத்துக்கு எழுத்து உண்மை என்று சொல்லிக்கொண்டே, ‘லிட்டரலி செத்துட்டேன்’ என்று போனில் பேசுகிறார்கள். பெரிய அகராதிகளே அந்தப் பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டன. உண்மை, நிஜம், சத்தியம் என்று வருகிற சொல்லெல்லாம் ஆங்கிலத்தில் கடைசியில் ‘ரொம்ப’ ஆகிவிடுகிறது. நம் பக்கம் வேறு வகை: ‘பயங்கரமா நல்லாருக்கு’, ‘மரண மாஸ்’, ‘கொல பசி’. ஆங்கிலத்திலும் ‘டெரிப்ளி’, ‘ஆஃபுலி’ என்று பயத்திலிருந்து வந்தவை உண்டுதான். ஆனால் சாவு வரைக்கும் போவதில் நமக்கு ஒரு சின்னப் பெருமை.

சாரின் டூ என்ன ஆயிற்று? இந்திய ஆங்கிலத்தில் அது கைவிட்டுப் போயிற்று. ‘மூவி டூ குட் யார்’ என்று டெல்லியிலிருந்து கன்னியாகுமரி வரை சொல்கிறார்கள். கெட்ட காரியம் ஒன்றுமில்லை, படம் நன்றாயிருந்தது, அவ்வளவே. ஆனால் அதே ஆட்கள் தமிழில் பேசும்போது டூவைத் துல்லியமாகப் போடுகிறார்கள் என்பதை யாராவது கவனித்தார்களா? ‘நீ பண்றது டூ மச்’. அளவு தாண்டிவிட்டது, காரியம் கெட்டது, கண்டனம். ‘ஓவரா போற’ என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் எங்களுக்கு ஏறாத பாடம் தமிழுக்குள் வந்து பிசகில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ‘டூ மச்சுண்ணே’ என்று கண்டக்டரிடம் சண்டை போடுகிறவர் நூற்றுக்கு நூறு.

எங்கள் பத்தாம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் மகன்தான் அவரைக் குழுவில் சேர்த்துவிட்டார். முதல் வாரம் சார் ஒன்றும் எழுதவில்லை. படித்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழும். சீன்! போன மாதம் ஆசிரியர் தினம். குழு பொங்கி வழிந்தது. ‘சோ சோ ஹேப்பி டு ஹேவ் யூ சார்’. ‘மோஸ்ட் யூனிக் டீச்சர்’. ‘வேற லெவல் சார் நீங்க’. லஞ்சக் கேள்வி கேட்டவன் பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறான். அவனும் எழுதினான்: ‘அவர் சார் இஸ் டூ ஆனஸ்ட்.’

பத்து நிமிஷம் கழித்து சார் தட்டச்சு செய்வதாகக் காட்டிற்று. வெகுநேரம் காட்டிற்று. கடைசியில் ஒரு வரி வந்தது.

‘டு எங்கே?’

குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. பதிவு அலுவலகம் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பதில் போட்டது: ‘டூ ஆனஸ்ட் டு கிவ் மி பாஸ் மார்க், சார்.’

‘ரிமூவ் டூ’ என்று வந்தது சாரிடமிருந்து.

நாற்பது வருஷம் கழித்து அவன் தடுமாறவில்லை. ‘அவர் சார் வாஸ் சோ ஆனஸ்ட் தட் ஹி குட் நாட் கிவ் மி பாஸ் மார்க்.’

சார் திருத்தினார்: ‘யூ ஹேவ் சேஞ்ச்டு இஸ் டு வாஸ். ஐ ஆம் ஸ்டில் அலைவ். ஹாஃப் மார்க் கட்.’